உள்ளங்காலுக்கு அடியில் ஒரு கால்

கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வராது. சிலருக்குக் கை ஓங்கும், சிலருக்கு வாய் நீளும். எனக்குக் காது சூடாகும், அவ்வளவுதான். கிரைண்டரைக் கழுவும்போது வழக்கத்தைவிட அழுத்தித் தேய்ப்பேன். அந்தச் சத்தத்தைக் கேட்டே என் மனைவி, "இன்னைக்கு யார் மேல?" என்று கேட்பாள். கொஞ்ச காலமாக அவள் அப்படிக் கேட்பதில்லை. யார் மேல் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய தம்பி மேல்.

நான் புனேக்கு வந்த பிறகுதான் மகள் பிறந்தாள், வளர்ந்தாள், இப்போது காலேஜ் முடிக்கப் போகிறாள். அத்தனை காலத்தில் பெரும்பகுதி ஹிஞ்சேவாடியில் ஒரு கம்பெனி கேன்டீனில், தோசைக் கல்லின் முன்னால் நின்றேன். கம்பெனிக்கும் எனக்கும் நேரடியாக ஒன்றும் இல்லை. கேன்டீனை எடுத்து நடத்துகிற கான்ட்ராக்டரிடம்தான் எனக்கு வேலை. காலையில் கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். "அண்ணா, ஏக் மசாலா, கடக்." "அண்ணா, தேல் கம்." ஒருத்தருக்கு மொறுமொறுப்பாக, ஒருத்தருக்கு எண்ணெய் குறைவாக. நான் தலையை ஆட்டுவேன். பேச வேண்டிய வேலை இல்லை என்பதாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. கல் பேசும். தண்ணீர் தெளித்தால் அது எழுப்புகிற சத்தத்தை வைத்தே சூடு போதுமா என்று தெரிந்துவிடும்.

இந்த ஊரில் தோசை சுடுகிறவன் யாராக இருந்தாலும் அண்ணாதான். தமிழனோ கன்னடக்காரனோ, இருபது வயதோ அறுபது வயதோ, அதைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நானும் மகிழ்ந்துபோயிருந்தேன். யாரும் என் பெயரைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சொல்லக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு எவ்வளவு பெரிய விலை இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

மாவு கீழ்த்தளத்தில் அரைபடும். பெரிய டிரம்களில் நிரப்பி மேலே கொண்டுவர வேண்டும். சாமான் ஏற்றுகிற லிஃப்ட் பாதி நாள் ஓடாது. ஓடாத நாட்களில் டிரம்மைத் தோளில் ஏற்றிக்கொண்டு வண்டிப் பாதையின் சரிவில் நடந்து வர வேண்டும். அதற்கென்று தனியாக ஆள் கிடையாது. கல்லில் நிற்கிறவனே தூக்க வேண்டும். வருடக்கணக்காகத் தூக்கினேன். கடைசியில் அடிவயிற்றில் ஒரு பக்கம் புடைத்துக்கொண்டது. குடலிறக்கம் என்றார்கள். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், செய்த பிறகு கொஞ்ச காலத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

லீவு கேட்டேன். இங்கே லீவு கேட்டால் எதற்கு என்று கேட்க மாட்டார்கள். "பத்லி கோன்?" என்று கேட்பார்கள். பத்லி என்றால் நமக்குப் பதிலாக வந்து நிற்கிற ஆள். வாட்ச்மேன், டிரைவர், வீட்டு வேலை செய்கிற பெண், யாராக இருந்தாலும் இங்கே இதுதான் வழக்கம். லீவில் போகிறவனே பத்லியைத் தேடிக் கொண்டுவர வேண்டும். வேலையைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அவன் சரியாக இருப்பான் என்று வாக்கும் கொடுக்க வேண்டும். முதலாளிக்கு ஒரு சிரமமும் இல்லை. அந்த வழக்கத்தில் தவறு ஏதாவது இருப்பதாக எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. மழை பெய்தால் குடை எடுக்கிற மாதிரி, லீவு என்றால் பத்லி.

என் மைத்துனன் அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தான். முப்பது வயது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு புரோட்டாக் கடையில் நின்று, அது சரிப்படாமல், அக்காவை நம்பி இங்கே வந்தவன். அவன் பெண்டாட்டி ஊரில் இருந்தாள். வேறு யாரைத் தேடப்போகிறேன்? அவனையே கூட்டிக்கொண்டு போனேன்.

ஒரு வாரம் பக்கத்தில் நிறுத்திக் காட்டினேன். கல்லை எப்படித் துடைப்பது, வெட்டின வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு எப்படித் தேய்ப்பது, எந்தப் பிள்ளைக்குக் காரச் சட்னி தடவக் கூடாது, எவன் அவசரக்காரன், எல்லாம் காட்டினேன். என்னுடைய தொப்பியையும் அவன் தலையில் வைத்தேன்.

"அத்தான், எல்லாரும் உங்கள அண்ணான்னு கூப்பிடுதாவ. என்னையப் பாத்தா ஆள் மாறிட்டுன்னு கேக்க மாட்டாவளா?"

"கேக்க மாட்டாவ. அண்ணான்னு கூப்பிட்டா என்னன்னு கேளு. அது போதும்."

இதைச் சொன்னவன் நான்தான். என் வாயால் சொன்னேன். இன்று நினைத்தாலும் காது சூடாகிறது.

ஆபரேஷன் முடிந்து, தையல் ஆறி, டாக்டர் நடமாடலாம் என்று சொன்னதும் கேன்டீனுக்குப் போனேன். அதற்கு முன்பே கான்ட்ராக்டரிடம் போனில் ஒன்று சொல்லியிருந்தேன். இனிமேல் டிரம் தூக்க என்னால் முடியாது, அதற்கு ஒரு ஆள் போட்டுக் கொடுங்கள் என்று. பார்க்கலாம் என்றார். அவர் பார்த்துவிட்டார் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

காலை நேரம், வரிசை நீண்டிருந்தது. மைத்துனன் கல்லில் நின்றான். கான்ட்ராக்டர் என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தார்.

"அரே அண்ணா! ஆராம் கரோ, ஆராம்!"

ஓய்வெடு என்கிறார். எடுத்துவிட்டேன், இன்றிலிருந்து வேலைக்கு வரலாம் என்று வந்தேன் என்றேன். அவர் என் தோளில் கை போட்டார். உனக்கு உடம்பு முக்கியம் என்றார். பையன் நன்றாகச் செய்கிறான், டிரம்மையும் அவனே தூக்கிவிடுகிறான், உன் குடும்பத்து ஆள்தானே, சோறு உன் வீட்டுக்குத்தானே வருகிறது என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். வெளியே போ என்ற சொல்லே அவர் வாயிலிருந்து வரவில்லை.

நான் மைத்துனனைப் பார்த்தேன். அவன் கல்லைப் பார்த்தான். கரண்டி சுழன்றுகொண்டே இருந்தது. வரிசையில் இருந்தவர்கள் "அண்ணா" என்றார்கள். அவன் "ஹாம்" என்றான், ஆமாம் என்று. பேசத் திறந்த என் வாய் மூடிக்கொண்டது. என் இடத்துக்கு முன்னால் வழி தெரியாமல் நின்றிருந்தேன். நான் பல வருடம் தோசை போட்டுக் கொடுத்த ஒரு பையன் என் முழங்கையைத் தொட்டு, "பையா, லைன்," என்றான். பையா என்பது இங்கே முன்பின் தெரியாதவனைக் கூப்பிடுகிற சொல். வரிசையில் வா என்கிறான். அவன் மேல் தப்பில்லை. தொப்பி இல்லாமல், கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றால் நான் யார்?

அன்று சாயங்காலமே மைத்துனன் வந்து துணிமணிகளை எடுத்துக்கொண்டு நண்பர்களோடு ஒரு அறையில் தங்கப் போய்விட்டான். நான் கிரைண்டர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். "வாரேன் அத்தான்," என்றான். அதற்குப் பிறகு நான் அவனோடு பேசவே இல்லை.

வீட்டில் இரண்டு பெரிய கிரைண்டர் வாங்கி மாவு அரைத்து, பாக்கெட் போட்டு, ஸ்கூட்டரில் ஔந்த் பக்கம் கடைகளுக்குப் போட ஆரம்பித்தேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் நான் கல்லில் நின்ற ஆள். மாவு விற்கிறவன் அல்ல. தினமும் நான் அரைத்த மாவை யாரோ எங்கேயோ ஊற்றினார்கள். அதன் சத்தம் எனக்குக் கேட்காது.

வீட்டில் இந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. எடுத்தவள் என் மகள். ஏதோ பரீட்சைக்காக இங்கிலீஷ் வார்த்தைகளாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் சாப்பிடும்போது போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மம்மி, மாமா அப்பாவ சப்ளாண்ட் பண்ணிட்டாரு. இன்னைக்கு எனக்கு வந்த வேர்ட் இதுதான். கரெக்டா ஃபிட் ஆவுது."

என் மனைவி சாம்பார் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னட்டி அது? கெட்ட வார்த்தையா?"

"இல்ல. மத்லப், அதாவது, ஒருத்தரோட ஜகா இருக்குல்ல, இடம். அத இன்னொருத்தர் எடுத்துக்கறது."

"அதுக்கு ரீப்ளேஸ்னு சொல்லிட்டுப் போவேண்டியதானே. எனக்கே தெரியும் அது."

"ரீப்ளேஸ்னா பல்பு மாத்துறது. பல்பு மேல யாருக்கும் குஸ்ஸா வராது. இதுல சாலாக்கி இருக்கு."

குஸ்ஸா என்றால் கோபம், சாலாக்கி என்றால் தந்திரம். என் மனைவிக்கு அந்த வார்த்தை நன்றாகத் தெரியும். "எந் தம்பி என்னட்டி தந்திரம் பண்ணான்? இவிய கூட்டிட்டுப் போனாவ, அவன் நின்னான். இவிய வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டாவளா? கேட்டிருந்தா அவன் நவுந்திருப்பான்."

"நவுந்திருப்பானாக்கும்," என்றேன். அன்று நான் பேசியது அவ்வளவுதான்.

ஆனால் அந்த வார்த்தை என்னை விடவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இங்கிலீஷில் கடைப் பலகை படிப்பேன், அதற்கு மேல் வராது. ஆனாலும் எனக்கு நடந்ததற்கு இன்னொரு தேசத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்பதே ஆச்சரியமாக இருந்தது. மறுநாள் மகளிடம், அந்த வார்த்தை எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். அவள் போனில் தேடினாள்.

"லத்தீன்லேர்ந்து அப்பா. ரொம்பப் பழைய பாஷை. சப்னா கீழ. பிளாண்டானா... காலோட தலுவா. தமிழ்ல என்ன அது? இது, இது." காலைத் தூக்கி அடிப்பக்கத்தைத் தட்டிக் காட்டினாள்.

"உள்ளங்கால்."

"ஹாம், உள்ளங்கால். அதுக்குக் கீழ தன்னோட கால விட்டு, தடுக்கி, ஆளக் கீழ தள்ளறது. ஃபர்ஸ்ட் அதான் மீனிங். அப்புறம் ஃப்ரெஞ்சுக்குப் போயி, அங்கேர்ந்து இங்கிலீஷுக்கு வந்துச்சாம். இப்ப யாரும் கால நெனைக்கறதில்ல. ஜகா மட்டும்தான்."

அவள் காலேஜுக்குப் போய்விட்டாள். நான் பாக்கெட் கட்டிக்கொண்டே அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு வசதி. காலை மறந்துவிட்டார்கள், இடத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கான்ட்ராக்டரும் அதைத்தானே செய்தார். இடத்தில் ஒரு ஆள் நிற்கிறான், தோசை வருகிறது, வேறென்ன வேண்டும்? விழுந்தவன் எப்படி விழுந்தான் என்று எதற்குக் கேட்க வேண்டும்?

நாங்கள் இருக்கிற பக்கத்தில் ஒரு தாலீம் இருக்கிறது. செம்மண் போட்ட மல்யுத்தக் கொட்டகை. ஊர்த் திருவிழாவான ஜாத்திரை சமயத்தில் வெளியே திடலில் குஸ்தி நடக்கும். நான் தவறாமல் போய்ப் பார்ப்பேன். கூட்டத்தில் யாரும் என்னோடு பேச மாட்டார்கள் என்பதால் எனக்கு அது நிம்மதியான இடம். அங்கேயும் காலைப் போட்டுத்தான் விழவைப்பார்கள். அடுத்தவன் ஒரு காலில் பாரத்தைப் போடுகிற நொடியில் அந்தக் காலுக்குக் குறுக்கே தன் காலைக் கொடுப்பார்கள். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று, மண்ணை எடுத்து ஒருவன் கையில் ஒருவன் கொடுத்துக்கொள்வார்கள். நான் உன்னை விழவைக்க வந்திருக்கிறேன் என்பது இரண்டு பேருக்கும் தெரியும், பார்க்கிற ஊருக்கும் தெரியும். எனக்கு யார் மண் கொடுத்தது? நான் குஸ்திக்கு நிற்கிறேன் என்பதே எனக்குத் தெரியாதே. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தவன் காலுக்கு அடியில் கால் வைக்க ஒரு வித்தை தெரிய வேண்டுமா?

உள்ளங்காலுக்கு அடியில் கால் வைக்க வேண்டுமென்றால் மிகவும் பக்கத்தில் நிற்க வேண்டும். அதை நினைக்க நினைக்கத்தான் கோபம் அதிகமானது. தூரத்தில் நிற்கிறவனால் முடியாது. என் வீட்டுக் கூடத்தில் படுத்தவன், என் தட்டில் சாப்பிட்டவன், என் தொப்பியைப் போட்டவன். அவன் கால்தான் என்னை விழவைத்தது என்று அந்த வார்த்தையைத் தெரிந்துகொண்ட பிறகு இன்னும் உறுதியாக நம்பினேன்.

சில மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதவு தட்டுகிற சத்தம். மைத்துனன். கையில் ஒரு பாக்கெட் பாகர்வடி, இந்த ஊர்ப் பலகாரம். செருப்பைக் கழற்றாமல் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன். பெருவிரல் நகம் கறுத்திருந்தது. டிரம் இறக்கும்போது காலில் விழுந்தால் அப்படித்தான் ஆகும். எனக்கும் ஒருமுறை ஆகியிருக்கிறது.

"அக்கா, அவளுக்குப் பெண் குழந்தை பொறந்திருக்கு," என்றான். அவன் பெண்டாட்டி நடுவில் இங்கே வந்து கொஞ்ச காலம் அவனோடு இருந்துவிட்டு, பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள்.

மனைவி ஓடிவந்து அவன் கன்னத்தைத் தடவினாள். உள்ளே வா என்று இழுத்தாள். அவன் வரவில்லை.

"ஊருக்குப் போவணும்க்கா. பேர் வைக்கணும். கான்ட்ராக்டர்ட்ட லீவு கேட்டேன்." அங்கே நிறுத்திவிட்டான்.

மீதியை அவன் சொல்ல வேண்டியதில்லை. பத்லி கோன் என்று கேட்டிருப்பார். எனக்குச் சிரிப்பு வந்தது. வெகுநாள் கழித்து வந்த சிரிப்பு, நல்ல சிரிப்பு இல்லை.

"அத்தான்ட்ட நீயே கேளு," என்றாள் மனைவி.

"நான் எந்த மொகத்தோட கேக்க? நீ கேளுக்கா."

"ஏங்க," என்று அவள் திரும்பினாள். "கேட்டுட்டுத்தான இருக்கிய? அவன் புள்ள மொகத்தப் பாக்க வேண்டாமா?"

"ஊர்ல ஆளா இல்ல?" என்றேன். அவனிடம் இல்லை, அவளிடம்.

"வேற யாரையும் நம்ப பயமா இருக்கு," என்றான் அவன். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். தலையைத் தொங்கப்போட்டான். என் மனைவி பாகர்வடி பாக்கெட்டைப் பிரித்துத் தட்டில் கொட்டினாள்.

நான் போகிறேன் என்றேன்.

அவளுக்காகப் போகவில்லை. குழந்தைக்காகவும் இல்லை. அவன் என்னை நம்பினான் என்று நெகிழ்ந்தும் போகவில்லை. இப்போது காலை வைக்க வேண்டியது என் முறை என்று போனேன். அவன் ஊருக்குப் போகட்டும், பேர் வைக்கட்டும், திரும்பி வந்து கல்லுக்கு இந்தப் பக்கம் நிற்கட்டும். யாராவது ஒரு பையன் அவன் முழங்கையைத் தொட்டு, லைனில் வா என்று சொல்லட்டும். அதை நான் கரண்டியைச் சுழற்றிக்கொண்டே பார்க்க வேண்டும். இதுதான் என் மனதில் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

கல் என்னை மறக்கவில்லை. முதல் தண்ணீர் தெளித்ததும் பழைய சத்தம் கேட்டது. கல் நடுவில் கொஞ்சம் குழிந்திருந்தது, நான் விட்டுப் போனபோது அப்படி இல்லை. வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தேன். வரிசை வந்தது. "அண்ணா, ஏக் மசாலா, கடக்." அதே குரல்கள். ஒருத்தருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி உண்டு. அந்தக் கம்பெனியில் என்னோடு தமிழில் பேசுகிற ஒரே ஆள். அவளாவது கேட்பாள் என்று நினைத்தேன். தட்டை நீட்டிக்கொண்டே, "என்னங்ணா, நேத்து லீவுங்களா? ஆளக் காணோம்," என்றாள்.

நேற்று. ஒரு வருடத்துக்கு மேல் நான் அங்கே இல்லை. அவளுக்கு அது நேற்று. "ஆமாம்மா," என்றேன். அவள் தட்டில் தோசையை வைத்தேன். இந்த இடத்துக்காகவா இத்தனை நாள் பல்லைக் கடித்தேன்? மைத்துனன் மேல் வைத்திருந்த கோபத்தில் பாதி அந்த வரிசையின் மேல் திரும்பியது. பிறகு வரிசையின் மேலும் நிற்கவில்லை. அதுகள் பசிக்கு வருகிற பிள்ளைகள். யார் முகத்தையும் பார்க்க நேரம் இல்லாதபடி அவர்களையும் யாரோ விரட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

டிரம்மை நான் தூக்கவில்லை. முதல் நாளே சொல்லிவிட்டேன். லிஃப்ட் ஓடாத நாட்களில் கான்ட்ராக்டர் பாத்திரம் கழுவுகிற இருவரை அனுப்பினார். ஆள் இல்லை, ஆள் இல்லை என்று இத்தனை வருடம் சொன்னவருக்கு, வேண்டுமென்றால் ஆள் இருந்தது.

மைத்துனன் திரும்பி வர வேண்டிய நாள் நெருங்கியபோது, வரிசை ஓய்ந்த நேரத்தில், கான்ட்ராக்டர் டீ டம்ளரோடு பக்கத்தில் வந்து நின்றார். என் தோளில் கை போட்டார். அந்தப் பையன் தோசை தடிமனாகப் போடுகிறான் என்றார். கையில் சுறுசுறுப்பு இல்லை, இப்போது குழந்தை வேறு, இனி அடிக்கடி லீவு கேட்பான் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, அவனை வேண்டாம் என்று நான் போனில் சொல்லிக்கொள்கிறேன் என்றார். "தூ ஹீ ருக் ஜா." நீயே இருந்துவிடு என்கிறார். டிரம் தூக்கவும் ஆள் போடுகிறேன் என்றார்.

நான் கேட்டதெல்லாம் கிடைத்தது. கல், தொப்பி, டிரம்முக்கு ஆள். நான் வந்ததே இதற்குத்தான். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தோளில் அந்தக் கை கனத்தது. அதே கை, அதே தோள், அதே டீ வாசனை. "அப்புறம் சொல்றேன்," என்றேன்.

வீட்டுக்கு வந்து மனைவியின் போனில் மைத்துனனைக் கூப்பிட்டேன். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

"அத்தான்?"

"கான்ட்ராக்டர் இன்னைக்கு எங்கிட்ட ஒண்ணு சொன்னான். நீயே இருந்துருன்னான். எனக்கு ஆபரேஷன் நடந்தப்ப உங்கிட்டயும் இப்படித்தான் சொன்னானா?"

"ஆமா அத்தான்."

"தோள்ல கையப் போட்டா?"

"ஆமா."

"என்ன சொன்னான் என்னையப் பத்தி?"

"உங்களுக்கு இனிமே முடியாதுன்னான். நீ இல்லன்னா வேற ஆளப் போட்டுருவேன், உங்க குடும்பத்துக்கே இல்லாமப் போயிரும்னான்."

"நீ என்ன சொன்ன?"

குழந்தையை யாரிடமோ கொடுக்கிற சத்தம் கேட்டது. "அத்தான்ட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்னு சொல்லணும்னு நெனச்சேன். வாய் வரல. சரின்னுட்டேன்."

வாய் வரவில்லை என்கிறான். வாய் வராதவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

"என்னைக்கு வாற?"

"நீங்க சொல்லுங்க அத்தான். வரணுமா?"

"லீவு முடிஞ்சா வர வேண்டியதானே. பத்லிய எத்தன நாள் நிக்க வைப்ப?" என்று வைத்துவிட்டேன்.

மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். அழுதாள். அவனை நான் மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். மன்னிக்கவில்லை. இன்றுவரை இல்லை. சரி என்று சொல்வதற்கு முன்னால் ஒரு போன் செய்திருக்கலாம். போன்கூட எதற்கு? நான் அடுத்த அறையில் அல்ல, அடுத்த பாயில் படுத்திருந்தேன்.

ஆனால் அந்த இங்கிலீஷ் வார்த்தையில் ஒரு குறை இருப்பது அன்று எனக்குத் தெரிந்தது. உள்ளங்காலுக்கு அடியில் ஒரு கால் என்று சொல்கிறது. சரி. அது யாருடைய கால் என்று கேட்பதில்லை. கான்ட்ராக்டர் தன் காலை எங்கேயும் வைக்கவில்லை. அவர் காலுக்கு நல்ல ஷூ இருக்கிறது, அதில் மாவுகூடப் படாது. என்னை விழவைக்க மைத்துனன் காலை இரவல் வாங்கினார். இப்போது மைத்துனனை விழவைக்க என் காலைக் கேட்கிறார். நாளை எனக்கு வயிறு மறுபடி புடைத்தால் வேறு எவன் காலோ வரும். அவனையும் நானே தேடிக் கூட்டிக்கொண்டு போய், தொப்பி போட்டு, அண்ணான்னு கூப்பிட்டா என்னன்னு கேளு என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். காலம் காலமாகப் பத்லி என்று அடுத்தவன் காலை நாமே கொண்டுபோய் அவரிடம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இந்த எண்ணம் வந்தபோது எனக்குக் காது சூடாகவில்லை. உடம்பு முழுக்கச் சூடானது.

மைத்துனன் வந்த காலையில் நான் கல்லைத் துடைத்து, எண்ணெய் தேய்த்து, தயாராக நின்றேன். வரிசை இன்னும் வரவில்லை. அவன் பையோடு கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றான். கான்ட்ராக்டர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

நான் தொப்பியைக் கழற்றினேன். என் ஹிந்தி எப்போதும் உடைந்துதான் வரும். அன்றும் உடைந்தே வந்தது. "மை பத்லி ஹூம். பத்லி கா காம் கத்தம்." நான் பத்லி, பத்லியின் வேலை முடிந்தது என்று சொன்னேன்.

கான்ட்ராக்டர் சிரித்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "க்யா அண்ணா? குஸ்ஸா?"

கோபமா என்கிறார். இதற்கு முன் எத்தனையோ பேர் என்னிடம் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். எல்லோரிடமும் இல்லை இல்லை என்று தலையாட்டியிருக்கிறேன்.

"ஹாம்," என்றேன். "குஸ்ஸா."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. அதற்கு மேல் எனக்கு ஹிந்தி தெரியாது. கரண்டியை மைத்துனன் கையில் கொடுத்தேன். "டிரம்மத் தூக்காத. ஆள் இருக்கு, கேளு," என்று மட்டும் சொன்னேன். கேட்கிறேன் என்பது போலத் தலையாட்டினான்.

இப்போது மறுபடி மாவு அரைக்கிறேன், ஔந்துக்குக் கொண்டுபோகிறேன். கல்லின் சத்தம் இல்லாமல் காலைகள் போகின்றன. அது இன்னும் வலிக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

போன வாரம் மனைவி தம்பியைப் பார்க்கப் போய்விட்டு வந்தாள். காப்பி குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "இன்னும் அவனேதான் தூக்குதானாம். ஆள் கேட்டா வேலைக்கு ஏதும் ஆயிருமோன்னு பயமாம். இடுப்பு வலின்னு தைலம் தேய்ச்சிட்டு இருக்கான்."

நான் கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன். தேய்க்கிற சத்தம் மாறியிருக்க வேண்டும். அவள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பழையபடி, "இன்னைக்கு யார் மேல?" என்றாள்.

கையைத் துடைத்துக்கொண்டு என் போனை எடுத்தேன். அவனே எடுத்தான். பின்னால் வரிசையின் இரைச்சல், கல்லில் தண்ணீர் விழுகிற சத்தம்.

"அத்தான்?"

"ஏலே," என்று கத்தினேன். வீட்டில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை. மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "அந்த டிரம்மக் கீழ வைலே!"